சுப்ரியாவின் செம்பு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு நாகரிகமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

சுப்ரியா என் ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி. மலையாள ஊரான கரமனையில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்குக் கொஞ்ச காலமாக அழுகை, கோபம், தூக்கமின்மை. மனநல டாக்டர் தந்த மாத்திரையில் தேறிவந்தாள். அப்புறம் யாரோ சொல்லி, பிடரியிலிருந்து கொத்து முடி வெட்டி ஏதோ ஒரு லேபுக்கு அனுப்பினாள். செம்பு அதிகம், துத்தநாகம் குறைவு என்று வண்ணப் படத்தோடு ரிப்போர்ட் வந்தது. அழுகைக்கும் கோபத்துக்கும் அதுதான் காரணமாம்.

[முதலில் எழுதிய தொடக்கம்: "மனித மனம் என்பது ஒரு..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.]

2

அன்றிலிருந்து அவள் ராணி. தம்ளரைத் தூக்கி எறிந்தாலும் மாமியார், "பாவம், அவ என்ன பண்ணுவா? ஒடம்புல செம்பு கூடிப்போச்சு" என்கிறார்.

போன வருஷம் நானும் ஒரு தம்ளரை எறிந்தேன். "ஒனக்கு என்னத்துக்காக்கும் இத்தனை அகங்காரம்?" என்றார்.

அவளுக்குச் செம்பு, எனக்கு அகங்காரம். நானும்தான் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதேன். அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. வயிறு எரிந்தது. (இங்கே என்னை நல்லவளாகக் காட்ட ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.)

3

நானும் ரகசியமாக முடி அனுப்பினேன். செம்பு அதிகம் என்று வந்தது. சுப்ரியாவைவிட அதிகம்!

ஜெயித்த சந்தோஷத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனேன். பின்கட்டில் பெரிய செம்புத் தவலையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் கீஸர் வாங்க விடமாட்டார். தவலையின் உள்ளே ஈயப்பூச்சு என்றைக்கோ போய்விட்டது. அந்தத் தண்ணீரைத்தான் சுப்ரியாவும் நானும் வருஷக்கணக்காகத் தலையில் விட்டுக்கொள்கிறோம்.

உடம்பிலிருந்து வந்த செம்பா, தவலையிலிருந்து ஒட்டிய செம்பா? முடியைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

4

இங்கே நிறுத்தினால் வேடிக்கைக் கதை. ஆனால் இன்று காலை சமையலறையில் சுப்ரியா சொன்னாள்:

"மன்னி, டாக்டரோட குளிகையை நிறுத்திட்டேனாக்கும். லேப்காரா தர சத்துப் பொடி மாத்ரம் மதி, அது போறும். எனக்கு மனசுக்கு ஒண்ணும் இல்லை."

கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ரசத்தில் இரண்டாம் தடவை உப்பைப் போட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

முடிவு அ: தவலையைக் காட்டுகிறேன். அவள் டாக்டரிடம் திரும்புகிறாள். [ஆனால் என் ரிப்போர்ட்டும் குப்பைக்குப் போகும். நான் அதை இன்னும் மாமியாரிடம் காட்டவேயில்லை.]

முடிவு ஆ: வாயைத் திறப்பதில்லை. ஒரு நாள் சுப்ரியா ஆற்றங்கரைக்கு

இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

5

"என்ன மன்னி எழுதறேள்?" சுப்ரியாதான். தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள்.

"கதை."

"அதில நான் உண்டோ?"

"இல்லை."

காகிதத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் மூடி மறைக்கவில்லை. அவள் இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது.

உங்களுக்கு வாசிக்கத் தெரியும். அவள் இன்னும் என் பின்னால்தான் நிற்கிறாள். தவலையைப் பற்றி அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.