காரிலிருந்து வந்த குரல்

அன்றைக்கு அவள் இருந்திருக்க வேண்டிய இடமே அது இல்லை. வழக்கமாக அவள் வேலை செய்வது பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சிக்கன் கடைக் கிளையில். புறவழிச்சாலைக் கிளையில் இரண்டு பேர் ஒரே நாளில் லீவு போட்டுவிட்டார்கள். காலையில் சீருடையை மாட்டிக்கொண்டு நின்றவளை, "அக்கா, இன்னைக்கு மட்டும் அங்க போய்ச் சமாளிச்சுடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. போன் செய்து சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

புறவழிச்சாலைக் கிளையில் பாதி வியாபாரம் கார்களோடுதான். வருகிறவர்கள் காரை விட்டு இறங்குவதில்லை. வாசலில் இருக்கும் கம்பத்தின் முன் நிறுத்தி, வேண்டியதைச் சொல்லிவிட்டு, கட்டடத்தைச் சுற்றி வந்து ஜன்னலில் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கம்பத்தில் வணக்கம் சொல்வது பதிவு செய்து வைத்த குரல். காரில் இருப்பவர்கள் சொல்வதை ஹெட்போனில் கேட்டுத் திரையில் தட்டுவது அவள் வேலை. சந்தேகம் வந்தால் பேசலாம், பேசாமல் இருந்தால் நல்லது. பேச்சு வளர்ந்தால் வரிசை தேங்கும். வரிசை தேங்கினால் தலைக்கு மேலே உள்ள பலகை பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். உடனே சூப்பர்வைசர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். சின்ன வயசுக்காரர். வேலை செய்கிற பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் கடிகாரம்.

மதியக் கூட்டம் தொடங்கி, தலை நிமிர நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் வந்தது.

"அது வந்து... ஒரு பெரிய சிக்கன் பாக்ஸ், ஒரு சின்ன பாக்ஸ்."

அவள் விரல் திரைமேல் அப்படியே நின்றுவிட்டது.

"அது வந்து, கோலா ரெண்டு. ஒண்ணு சர்க்கரை இல்லாதது."

வாயைத் திறந்தால் 'அது வந்து' போடாதே என்று அவள் திட்டாத நாள் கிடையாது. அவள் மகள்தான். பதினொன்றாம் வகுப்பு. அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். அவர்களுக்குக் கார் கிடையாது. பள்ளிக்கூட நாளில் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு திரியும் சொந்தக்காரர்களும் கிடையாது.

காரில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூட இருப்பது யாரோ, வாய் திறக்கவில்லை. 'குட்டி' என்று கூப்பிட நினைத்தாள். கூப்பிட்டால் அந்த ஆள் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டாள். அதற்குள், "அவ்ளோதான்" என்றது குரல். கார் நகர்ந்துவிட்டது. கேமராவில் தெரிந்தது கூரை மட்டும். வெள்ளை நிறம். சாலையில் போகிற கார்களில் பாதி அந்த நிறம்தான்.

அடுத்த காரில் யாரோ எரிச்சலோடு ஹலோ ஹலோ என்றார்கள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டுப் பெட்டி கொடுக்கும் ஜன்னலுக்கு ஓடினாள். அங்கே நின்றவளை எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இப்ப போச்சே ஒரு வெள்ளைக் கார், பெரிய பாக்ஸ் ஒண்ணு, சின்ன பாக்ஸ் ஒண்ணு. யாரு இருந்தா உள்ள?"

"நாலு வெள்ளைக் கார் போச்சுக்கா."

"ஒரு பொண்ணு இருந்திருக்கும். சின்னப் பொண்ணு."

ஒல்லி அடுத்த பையை மடித்துக்கொண்டே யோசித்தாள். "ஆமா, முன்சீட்ல. அவதான் கை நீட்டி வாங்குனா. ஓட்டுனவர் தொப்பி போட்டிருந்தார். வயசானவர்தான். மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிட்டிருந்தார். ஏன்க்கா, காசு எதுவும் குறையுதா?"

வயசானவர். தொப்பி. திருப்பிக்கொண்ட முகம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாந்தி வருது தம்பி" என்று கடிகாரத்திடம் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்து போனை எடுத்தாள்.

மகளின் போன் அணைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவேளை பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாளோ, குரல்தான் ஒத்துப்போயிற்றோ என்று ஒரு சின்ன ஆசை எழுந்தது. பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"காய்ச்சல்னு லீவு சொல்லியிருக்கீங்களே" என்றார் அலுவலக அம்மா. "காலைல அவங்க அப்பா பேசுனார். போன வாரமும் இதேதான் சொன்னார். டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டணும்" என்றாள். அப்பா என்று சொல்லிக்கொண்டு எவன் வேண்டுமானாலும் பேசலாமே. யார் போய்ப் பார்த்தார்கள்?

கணவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அவர் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல்காரர். மதிய நேரத்தில் போன் பக்கமே வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். கேண்டீனின் பழைய நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தாள். வெகுநேரம் அடித்தபின் வாசல் காவலாளி எடுத்தார்.

"கேண்டீனா? அது மூடி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா. லைனை இங்க மாத்தி விட்டிருக்காங்க. இப்ப எல்லாருக்கும் பாக்ஸ்தான். சிவப்பு பாக்ஸ், மேல கோழி படம் போட்டிருக்கும். சமையல் ஆளுங்களை எல்லாம் அப்பவே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. நீங்க யாரும்மா பேசறது?"

"தெரிஞ்சவங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் நின்றுகொண்டிருந்த அறையில் சிவப்புப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மேலே கோழி படம். அவள் கிளையிலும் தினமும் காலையில் 'கம்பெனி ஆர்டர்' என்று இதே பெட்டிகளைக் குவியல் குவியலாக மடிப்பார்கள். அந்த ஆர்டர் கிடைத்த அன்று கிளையில் கேக் வெட்டினார்கள். அவளும் கை தட்டினாள், ஒரு துண்டு வீட்டுக்கும் கொண்டுபோனாள். எந்தக் கம்பெனி என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர் தினமும் காலையில் தேய்த்த சட்டையோடு கிளம்பிக்கொண்டுதான் இருந்தார். நேற்று ராத்திரிகூட, உதவிக்கு வந்த பையன் பெரிய பாத்திரத்தை அடிப்பிடிக்க விட்டுவிட்டான் என்று நீட்டி முழக்கிச் சொல்லி, அவளும் மகளும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாளா? இல்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

கடிகாரம் கதவில் வந்து நின்றார். "அக்கா, வரிசை ரோடு வரைக்கும் போயிடுச்சு."

"நான் கொஞ்சம் வெளியே போகணும்."

"கூட்டம் முடியட்டும்க்கா. இப்ப போனா நான் மேல சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க தம்பி" என்றபடி அவரைத் தாண்டிப் போனாள்.

கட்டடத்துக்குப் பின்னால் பெரிய நிறுத்துமிடம். வாங்கியவர்கள் பலர் அங்கேயே காரை நிறுத்தித் தின்றுவிட்டுப் போவார்கள். இன்னும் கிளம்பியிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே வெயிலில் ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்தாள். டை கட்டிய ஒருவர் ஸ்டியரிங்மேல் பெட்டியை வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவது போல அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கண்ணாடிப் பக்கம் பார்த்து மென்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் தூங்கும் குழந்தையின் வாயில் உருளைக்கிழங்குத் துண்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் எட்டிப் பார்த்ததும் எல்லோரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில், சுவரோரம், வாடகை நம்பர் பலகை மாட்டிய வெள்ளைக் கார். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. சீட்டில் சாய்ந்திருந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவள் கணவர்தான். வலது காலில் செருப்பு இல்லை. மகள் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் கால்விரலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இது தெரியுதாப்பா?"

"ம்."

"எந்த விரல்?"

"கட்டைவிரல்."

"இல்லப்பா. சுண்டுவிரல்."

அம்மாவின் நிழல் விழுந்ததும் மகள் நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கணவர் எழப் பார்த்தார், பிறகு எழாமல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கார்க்காரன் கூட்டிப்போனான், கடத்தினான் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, முதலில் உயிர் வந்தது. அது வந்த வேகத்தில் கோபமும் வந்தது. பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தே பேசினார். "உன் கடை பாக்ஸ்தான் வந்துச்சு. உன்கிட்ட வந்து அதை எப்படிச் சொல்றது? நீ அன்னைக்கு கேக் கொண்டுவந்து கொடுத்தே."

"அதுக்காக தினமும் பொய் சொல்வீங்களா?"

"வேற வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். தெரிஞ்சவர் ஒருத்தர் காரைக் கொடுத்தார்." தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "என் சமையலுக்கு ஒண்ணும் கூட்டம் அலைமோதல. உப்பு ஜாஸ்தின்னு தினமும் ஒருத்தன் சண்டைக்கு வருவான். ஆனா எல்லாரும் ஒரு இடத்துல உட்கார்ந்து சாப்பிட்டாங்க, சண்டையும் போட்டுக்கிட்டாங்க. இப்ப அவனவன் மெஷின் பக்கத்துலயே பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு போனைப் பார்க்கறானாம்."

"இவளை எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க? படிக்கிற பிள்ளையை?"

"அப்பா இழுத்துட்டு வரல" என்றாள் மகள். "நான்தான் கூட வந்தேன். ஒருநாள் ஸ்கூல் வாசல்ல அப்பாவைப் பார்த்துட்டேன். வீட்ல விடறேன்னு ஏத்திக்கிட்டார். சிக்னல்ல பிரேக் போட்டப்ப காலு பிரேக்ல இல்லம்மா. வேற எங்கயோ இருந்துச்சு. அப்பாவுக்கு அது தெரியல. நடைமேடையில ஏறித்தான் கார் நின்னுச்சு. நான் பக்கத்துல இருந்தா காலு எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லலாம்ல? ஸ்கூல்ல உட்கார்ந்தா ஒண்ணும் மண்டையில ஏறல. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. "மரத்துப்போன மாதிரி இருக்கும். நடந்தா சரியாயிடும்னு நினைச்சேன்" என்றார்.

அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருக்கிறார். அவர்கள் வீட்டிலும் யாராவது சாயங்காலம் வருவார்கள் என்று காத்திருந்திருப்பார்கள். எட்டி, காரிலிருந்து சாவியை உருவிக்கொண்டாள். அவருடைய போன் அப்போது அடித்தது. யாரோ சவாரிக்குக் கூப்பிட்டார்கள். அதையும் வாங்கி அணைத்தாள்.

"ஏங்க, இனிமே நீங்க ஓட்டக் கூடாது."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

அவள் காரை விட்டு இறங்கினாள். இரண்டு பேரையும் அங்கேயே நிழலில் இருக்கச் சொல்லிவிட்டு, சாவியோடு கடைக்குத் திரும்பினாள். திரும்பித்தான் ஆகவேண்டும். அந்த வீட்டில் இப்போது அவளுக்கு மட்டும்தான் வேலை இருந்தது. கடிகாரம் ஹெட்போனை நீட்டினார். மீதி நேரம் அவள் யார் என்ன கேட்டார்கள் என்று தெரியாமலே தட்டினாள். இரண்டு ஆர்டர் தப்பாகப் போனது.

வேலை முடிந்ததும் காரை அங்கேயே விட்டுவிட்டு மூவரும் பேருந்தில் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டரம்மா அவர் பாதத்தைத் திருப்பினார். சுண்டுவிரலுக்கு அடியில் சின்னப் புண் ஒன்று, ஓரமெல்லாம் வெளுத்து இருந்தது. எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வலித்தால்தானே தெரிய?

ரத்தத்தில் சர்க்கரை பல வருஷமாகவே ஏறியிருக்கிறது, நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. பிறகு கேட்டார்: "ராத்திரி வீட்ல என்ன சாப்பிடுவீங்க?"

அவள் கடையில் வேலை முடிந்து போகிறவர்களுக்கு மிச்சப் பெட்டிகளைக் கொடுத்துவிடுவார்கள். நாளெல்லாம் அடுப்பில் நின்றுவிட்டு வருகிற அவருக்கு வீட்டில் கரண்டி பிடிக்கப் பிடிக்காது. அவளுக்கும் தெம்பு இருக்காது. பெட்டியைப் பார்த்தால் குட்டி துள்ளுவாள். பல வருஷமாக அதுதான் ராத்திரிச் சாப்பாடு. அவள் கொண்டுவந்து கொடுத்தது.

"கடைச் சாப்பாடுதான்" என்றார் கணவர். "நான்தான் கேட்டு வாங்கிக்குவேன்." அப்படி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

காரை மறுநாள் அதைக் கொடுத்தவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். கடிகாரம் சொன்னபடியே மேலே சொல்லிவிட்டார். அவளைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள், வேலையை விட்டு அனுப்பவில்லை. மகள் பள்ளிக்குப் போகிறாள். ஆனால் மதியம் அலுவலகத்தில் கெஞ்சி ஒரு தடவை அப்பாவுக்குப் போன் செய்துவிடுவாள். அவர் வீட்டில் சமைக்கிறார், உப்புக் குறைவாக, எண்ணெய் இல்லாமல். முதல் வாரம் மூவருக்கும் அது தொண்டையில் இறங்கவில்லை. பெட்டியை அடியோடு விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கடையில் பசி தாங்காமல் அவளே நின்றபடி இரண்டு துண்டு வாயில் போட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்ததும் முதலில் போய் வாய் கழுவினாள்.

தினமும் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. ஒரு காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் அவர் பாதத்தைப் பார்த்த மகள், "ஓரம் சிவந்திருக்கும்மா" என்றாள்.

"நேத்தும் அப்படித்தானே இருந்துச்சு" என்றார் அவர்.

"இல்ல" என்றாள் அம்மா. அவளுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பள்ளிக்கும் கடைக்கும் போன் செய்துவிட்டு மூவரும் கிளம்பினார்கள்.

நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்து, அழுத்திப் பார்த்து, புதுக் கட்டுப் போட்டார். "நல்ல வேளை, இன்னைக்கே வந்தீங்க. ரெண்டு நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும். இப்ப மருந்துக்கு அடங்குதான்னு பார்க்கலாம். நாளைக்கு மறுபடி கூட்டிட்டு வாங்க."

வெளியே படிகள் செங்குத்தாக இருந்தன. அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார். மகள் ஒரு படி முன்னால், அவள் ஒரு படி பின்னால். அவர் ஒவ்வொரு முறை வலது காலை வைக்கும்போதும் இரண்டு பேரும் குனிந்து, அது படியில்தான் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.