கன்னத்தில் ஓடிய தையல்

துணித்துண்டுகளை வெட்டி ஒட்டியபோது அண்ணனின் முகம் அச்சு அசலாக இருந்தது. அடியில் பஞ்சு வைத்து மேலே தையல் ஓட்டியதும் ஆளே மாறிவிட்டான். நூல் போன இடமெல்லாம் பள்ளமாகிக் கன்னத்தில் கோடு விழுந்தது. எனக்கு வந்ததே கோபம்! பிரித்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். ஆனால் இந்தக் கிழவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே, யார் இவர்? மண்டையைக் குடைந்தது.

அதற்குள் அண்ணனே வந்து நின்றான். அப்பாவோடு பேச்சுவார்த்தையே இல்லாதவன். அவர் சாயல் உனக்கு என்று யாராவது சொன்னால் எரிந்து விழுவான். துணியை உற்றுப் பார்த்தான்.

"அப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கியே! என்னைத் தைக்கிறேன்னு சொன்னே, அது எங்க?"