கன்னத்துக்குள் அரை மாத்திரை

அவளுக்குப் பதினைந்து வயது. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊசி, வார்டு, தலை மொட்டையான காலம் எல்லாம் தாண்டி மறுபடி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தலைமுடி குத்திட்டு வளர்ந்ததால் வகுப்பில் ‘முள்ளு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாரும் உச்சுக்கொட்டிப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்று இருந்தது அவளுக்கு.

இனி பாக்கி மாத்திரைதான். தினமும் சாயங்காலம் ஒன்றரை, இன்னும் ஒரு வருடத்துக்கு. அம்மா துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுப்பவள். ஓவர்டைமெல்லாம் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆறரைக்குள் அடித்துப் பிடித்து வந்துவிடுவாள். ஒரு மாத்திரையைப் பாதியாக வெட்டி, முழு மாத்திரையோடு சேர்த்து, ஒரு டம்ளர் பாலோடு நீட்டுவாள்.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூட ஆய்வகத்தில், மாத்திரையால் முள்ளுவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவளின் ரெக்கார்டு நோட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். யாரும் திட்டவில்லை, சிரிக்கவில்லை. “பரவால்ல, அவளுக்கு உடம்பு சரியில்லல்ல” என்று நோட்டுக்காரியே சொன்னாள். அதுதான் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துப் பாலை மட்டும் விழுங்கினாள். கொல்லைக் குழாயடியில் துப்பினாள். மறுநாள் வயிறு அமைதியாக இருந்தது. தோழியின் டப்பாவைப் பிடுங்கிச் சாப்பிட்டாள், வாய் ஓயாமல் பேசினாள். ஒரு நாள்தானே என்று ஆரம்பித்தது இருபத்து மூன்று நாள் ஓடியது.

மாதாந்திரப் பரிசோதனையில் டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“இந்த மாத்திரை சாப்பிடும்போது வெள்ளை அணு இவ்வளவு ஏறக் கூடாதே. மாத்திரை ஒழுங்கா போகுதா?”

“ஒரு நாள் கூட விட்டதில்ல டாக்டர்” என்றாள் அம்மா.

“எதோட குடுக்கறீங்க?”

“பாலோட. வெறும் வயித்துல குமட்டுதுன்னு சொன்னா.”

“பால் இந்த மாத்திரையோட வேலையைக் குறைச்சுடலாம். இனிமே தண்ணியோட குடுங்க. டோஸையும் ஒன்றரையிலேருந்து ரெண்டு மாத்திரையாக்கிடறேன்.”

அம்மாவின் முகம் செத்துப்போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்திக்குப் போன் போட்டாள். “படிச்சுப் படிச்சு சொல்லியிருப்பாங்கடி. என் மரமண்டையில ஏறல. பெத்தவளே புள்ளைக்குக் கெடுதல் பண்ணிட்டேன்.” முள்ளு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி ஒழுங்காக விழுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விழுங்கினாள். இரண்டு மாத்திரையும், தவறாமல். பழைய அளவே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்பது யாருக்குத் தெரியும்? மூன்றாவது வாரம் காய்ச்சல் கொதித்தது. வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று தனி அறையில் படுக்கவைத்து, கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள்.

“அப்போ பாதியா வெட்டும்போது சிந்திடுச்சோ, இப்போ எண்ணும்போது கூடப் போயிடுச்சோ. எல்லாம் என்னாலதான்” என்று நர்ஸிடம் அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் வெளியே போனதும் முள்ளு சொன்னாள். “அம்மா, நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் மாத்திரையைத் துப்பிட்டேன்.”

அம்மா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள்.

“எத்தனை நாளு?”

“இருபத்தி மூணு.”

அம்மா அடிக்கவில்லை, அழவில்லை. “டாக்டர்கிட்ட நீயே சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் முதுகு தெரிந்தது. அரை மணி நேரம் அது திரும்பவே இல்லை.

டாக்டரம்மா கேட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “உன் வயசுல நிறையப் பேர் பண்றதுதான். ஆனா நீ துப்பினது தெரியாம நான் டோஸைக் கூட்டினேன் பாரு, அதுதான் ஆபத்து. குமட்டுதுன்னா என்கிட்ட சொல்லு. அதுக்கு வழி இருக்கு.” பழைய அளவையே எழுதி, குமட்டலுக்கும் ஒரு மாத்திரை சேர்த்தார்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். அன்று சாயங்காலம் அம்மா மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். முள்ளு விழுங்கினாள். அம்மா நகராமல் நின்றாள். முள்ளு தானே வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அம்மா குனிந்து, இரண்டு கன்னத்தையும் பார்த்தாள். பார்க்கும்போது அம்மாவுக்குத்தான் கண் கலங்கியது.