ஷோபா பார்க்காத ஆறுமணிக்குருவி

பறவை பார்க்கிறவன் எந்தப் பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டில் லென்ஸ் விலையைப் பாதியாகச் சொல்லலாம், மேனேஜரிடம் காய்ச்சல் என்று சொல்லலாம். இல்லாத பறவையை இருக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது. அந்த ஒன்றைத்தான் நாகேஷ் சனிக்கிழமை சாயங்காலம் செய்தான்.

பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் அவன். குடியிருப்பது பொம்மனஹள்ளி. ஞாயிறு விடிந்தால் கேமராவோடு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஏரிக்கரையில் நிற்பான். ஆறு வருஷமாக அவன் பக்கத்தில் ஷோபாவும் நின்றாள். ஆஸ்பத்திரி ஒன்றில் பில்லிங் கவுண்டரில் வேலை. அவன் படம் எடுப்பான், அவளுக்குப் பைனாகுலர் போதும். ‘லெஃப்ட்ல, ரெண்டாவது கிளை’ என்று அவள் கிசுகிசுத்தால்தான் அவன் லென்ஸ் திரும்பும். அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று அவன் தொண்டையிலேயே இருந்தது. பேசினால் பறவை பறந்துவிடுமே என்று தள்ளிப்போட்டான். ஆறு வருஷமும் அதே சாக்கு. கெட்டிக்காரன்தான்!

மார்ச் மாதம் ஷோபாவின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், இருவரும் எலஹங்காவில் இருந்த அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார்கள். அது ஊரின் அந்தக் கோடி. ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. போனில் ‘என்ன வந்திருக்கு?’, ‘ஒண்ணும் இல்ல’ என்பதோடு சரி. அவள் இல்லாமல் நாகேஷுக்கு ஏரியே பிடிக்கவில்லை. மீன்கொத்தி எதிரே வந்து உட்கார்ந்தாலும் கேமராவைத் தூக்கக் கை வரவில்லை. அவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு ஒரே வழிதான் அவன் புத்திக்கு எட்டியது. ஷோபா இன்னும் பார்க்காத பறவை ஆறுமணிக்குருவி. பறவைக்காரர்கள் பிட்டா என்பார்கள். அக்டோபரில் தெற்கே போகிற வழியில் பெங்களூரில் ஒருநாள் இரண்டுநாள் இறங்கி, சருகைக் கிளறிவிட்டுப் போய்விடும். கூட்டாளிகள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது, அவள் கண்ணுக்கு மட்டும் தப்பிக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷம் முன்பு, அவள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிறன்று, இந்த ஏரி மூங்கிலடியிலேயே அது வந்தது. நாகேஷ் படம் எடுத்தான். அவளுக்கு மனசு ஆறாதே என்று யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டான். அந்தப் படத்தைத்தான் இப்போது அவளுக்கு அனுப்பினான்: ‘இன்னைக்கு எடுத்தது. நம்ம மூங்கில். உனக்கு மட்டும்தான் சொல்றேன்.’

‘வரேன்’ என்று பதில் வந்தது.

ஞாயிறு விடிகாலையிலேயே கிளம்பி, பஸ் மாறி மாறி வந்து இறங்கினாள். அதே தொப்பி. மூங்கிலுக்கு எதிரே கல்லில் உட்கார்ந்தார்கள். பறவைக்காரர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அவள் சருகைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டுவிட்டுப் போயின. வெயில் ஏறியது.

“போயிடுச்சு போல,” என்றான் நாகேஷ்.

“சும்மா இரு நாகேஷ். அது போயி ரெண்டு வருஷம் இருக்கும்.”

அவன் முகம் செத்துப்போயிற்று.

“போட்டோல பின்னாடி பழைய முள்வேலி தெரியுது. அத எடுத்துட்டு இந்தப் பச்சை கிரில் போட்டு எவ்ளோ நாளாச்சு! பறவையப் பாத்தா பின்னாடி என்ன இருக்குன்னு நீ எப்பப் பாத்த?”

“தெரிஞ்சுமா வந்த?”

“தெரிஞ்சுதான் வந்தேன். இத்தனை நாளா ஏன் எனக்குக் காட்டல?”

“நீ இல்லாதப்ப வந்துச்சு. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு…”

ஷோபா பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி உறைக்குள் வைத்தாள்.

“போன மாசம் எனக்கு நிச்சயம் ஆயிடுச்சு. அவரு புனேல இருக்காரு. போன்ல சொல்ல வாய் வரல. மார்ச்லேருந்து காத்துட்டு இருந்தேன், நாகேஷ். வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேன். அதுக்கு உனக்கு ஒரு பிட்டா வேணுமா?”

பறந்துவிட ஒரு பறவையும் இல்லை அங்கே. அப்போதும் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

பஸ்ஸில் ஏறப்போனவள் திரும்பினாள். “இனிமே நெஜமாவே வந்தாலும் எனக்குச் சொல்லாத. சொன்னா என்னால வராம இருக்க முடியாது.”

அடுத்த ஞாயிறு அது நிஜமாகவே வந்தது. அதே மூங்கிலடி, அதே சருகு. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாகத் தத்தித் தத்தி நடந்தது. பக்கத்தில் ஒரு கிசுகிசுப்பு கேட்கும் என்று நாகேஷ் ஒரு கணம் காத்திருந்தான். பிறகு, பின்னால் பச்சை கிரில் தெளிவாக விழும்படி தள்ளி நின்று படம் எடுத்தான்.

போனில் அவள் பெயரைத் திறந்தான். ‘வரேன்’ என்பதுதான் அங்கே கடைசி வார்த்தை. அதற்குக் கீழே எதையும் போட அவனுக்கு மனசு வரவில்லை.