மெர்கெனின் இரண்டாவது குரல்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டு பேஸ்மென்ற்றில் மெர்கென் குடியிருக்கிறார். ஊர் துவா, ரஷ்யாவில் மொங்கோலிய எல்லையோரம். ஒரே மூச்சில் இரண்டு குரல் எடுப்பார். அடியில் ஓர் உறுமல், அதற்கு மேலே புல்லாங்குழல் போல ஒரு விசில். இரண்டும் தொண்டையிலிருந்துதான் வரும். வாலிபத்தில் ஐரோப்பா முழுக்கப் பாடித் திரிந்த குழுவோடு ரொறன்ரோவுக்கு வந்தவர். குழு திரும்பிப் போனது, இவர் நின்றுவிட்டார். பிறகென்ன, சப்வேயில் பாடினார். யோகா வகுப்பில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர்களுக்குப் பாடினார், அவர்கள் குறட்டை விட்டார்கள். இதுவும் ஒரு சீவியமா என்று எனக்கே எரிச்சல் வரும்.

இப்போது அறுபதை நெருங்குகிறார். தொண்டை களைத்துவிட்டது. உறுமல் எப்போதும் வரும். விசில் வரவேண்டுமென்றால் ஒரு கிழமை, ஏழு நாளும், வாயே திறக்கக்கூடாது. அப்படியிருந்தும் ஒரு தரம்தான் வரும்.

ஸ்ரௌவ்வில்லில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாலை இசைநிகழ்ச்சி. கோடை விழாக்களுக்குப் பாடகர்களைத் தெரிவுசெய்யும் வின்சன்ற் கேட்க வருவதாகச் சொன்னார். அவருக்குப் பிடித்தால் கோடை முழுக்க மேடை. இல்லாவிட்டால் பிக்கரிங்கில் இறைச்சிக் குளிர்க்கிடங்கில் முழுநேர வேலை. அந்தக் குளிரில் மிச்சத் தொண்டையும் போய்விடும். மெர்கென் ஒரு கிழமை மௌனமாகக் கிடந்தார். தேத்தண்ணி வேணுமா என்று கேட்டாலும் தலைதான் ஆடும்.

மண்டபத்தில் சவுண்ட் பார்த்தவன் வாகீசன். எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் அவன்தான். மைக் சரிபார்க்கும்போது மெர்கென் உறுமலை மட்டும் கொஞ்சம் காட்டினார்.

"உவ்வளவுதானோ, ரதியக்கா?"

"குரலை மிச்சம் பிடிக்கிறாரடா. மேடையில கேள்" என்றேன்.

மேடையில் உறுமல் எழுந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. மெல்லிய விசில் ஒன்று மண்டபத்தில் எழுந்தது. அடுத்த கணமே காணாமல் போனது. ஒலிபெருக்கியில் உறுமல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

பாட்டு முடிய வாகீசனிடம் ஓடினேன். அவன் பெருமையாகச் சொன்னான்:

"மைக் கூவத் தொடங்கிச்சுது அக்கா. டக்கெண்டு சவுண்ட் பெட்டியில அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டிப்போட்டன். ஒருத்தரும் கவனிக்கேல்லை!"

"அட, அறுவானே! உது மைக் இல்லையடா, அவற்ற பாட்டு!"

அவன் முகம் செத்துப்போனது. வாசலில் வின்சன்ற் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். மறித்து நடந்ததைச் சொன்னேன். நல்ல மனுசன்.

"அப்ப மைக் இல்லாமல் இஞ்சையே பாடட்டும். கேக்கிறன்" என்று நின்றார்.

மெர்கென் கண்ணை மூடினார். உறுமல் வந்தது. மேலே காற்று மட்டும் சீறியது. திரும்பவும் முயன்றார். காற்றுத்தான். வின்சன்ற் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மெர்கென் என் கையைத் தொட்டார். "காணும், அக்கா, இனிப் போதும்" என்றார், எங்கள் வீட்டில் பழகிய தமிழில். ஒரு கிழமைக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

காரில் ஏறிய பிறகு, தடித்த கையுறை எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டார்.