பத்தடிக் குழி

"இன்னாமே இது, என் வூட்டு கக்கூஸ் குழிய பாக்க தூத்துக்குடிலேர்ந்து பஸ் வச்சுகினு வந்துகிறாங்க?" என்று லூர்தம்மாள் கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி. இருபத்திரண்டு பேரு" என்றாள் பாண்டிச்செல்வி.

"மின்னாடியே சொல்லிருந்தா டிக்கெட் போட்டிருப்பேனே."

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் லூர்தம்மாளுக்கு ஆறு வாடகை அறைகள். ஆறிலும் கம்பெனிப் பெண்கள். புதிதாகக் கட்டும் நான்கு அறைகளுக்காகப் பின்பக்கம் செப்டிக் டேங்க் குழி வெட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து தன் அறைக்கு வந்த பாண்டிச்செல்வி, வெட்டிப் போட்ட மண்ணில் வெளிறிய பாறைச் சில்லுகளைக் கண்டாள். ஒன்றை நாக்கில் வைத்தாள். ஒட்டியது. களிப்பாறை. நகத்தைக் கொடுத்துப் பிளந்தாள். உள்ளே, சீப்பின் பற்கள் போல, கல்லில் பதிந்த ஓர் இலையின் பாதி. பன்னிரண்டு கோடி வருஷத்து இலை. படம் எடுத்துக் கவியாவுக்கு அனுப்பினாள்.

இருவரும் தூத்துக்குடிக் கல்லூரியில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் பி.எஸ்ஸி ஜியாலஜி படித்தவர்கள். அப்பா லோடு லாரியிலிருந்து விழுந்து படுத்த பிறகு, போன ஜூனில் பாண்டிச்செல்வி இங்கே செல்போன் கம்பெனிக்கு வந்துவிட்டாள். ஒரு வருஷம்தான் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். தன்னிடமும்.

மூன்றாம் வருஷ டூரில் ஸ்ரீபெரும்புதூர் உண்டு. ஆனால் பழைய வரைபடம் காட்டும் பாறை இப்போது ஒரு தொழிற்சாலைச் சுவருக்குள், தார் போட்ட முற்றத்துக்கு அடியில் கிடந்தது. வகுப்பைக் கூட்டி வரும் ரகுபதி சார் நேராக அரியலூர் போகத்தான் நினைத்திருந்தார். அவள் அனுப்பிய படம்தான் பஸ்ஸை இங்கே திருப்பியது.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். பாண்டிச்செல்விக்கு இந்த வாரம் இரண்டு மணி ஷிஃப்ட். கம்பெனி பஸ் ஒன்று இருபதுக்கு. அதற்குள் சாரிடம் ஒன்று கேட்க வேண்டும். ஜூனில் திரும்ப வரலாமா? குளிக்கும்போது நாலைந்து முறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

குழியில் இரண்டு பேர்தான் நிற்கலாம். ஏணியை அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏ பாண்டி, புதுக் குழிதான? நல்லாத் தெரியுமா?" என்றான் கூடப் படித்த மகாராஜா.

"எறங்கி மோந்து பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆளாளுக்கு இறங்கினார்கள். சுத்தியல் சத்தம் வந்தது. கவியா உள்ளங்கை நீள இலையோடு மேலே வந்தாள். "ஒன் புண்ணியந்தாம்ட்டி" என்றாள்.

"லாக் யாரு போடுதா?" என்று சார் கேட்டார். குழிச்சுவரில் மேலிருந்து கீழே ஒவ்வொரு அடுக்கையும் அளந்து வரைய வேண்டும். அத்தனை பேரும் பாண்டிச்செல்வியைப் பார்த்தார்கள். வகுப்பில் அது எப்போதும் அவள் வேலை.

"சார், அவ இப்ப..." என்றாள் யாரோ ஒருத்தி.

"போடட்டும்."

கவியா தன் நோட்டைக் கொடுத்தாள். பாண்டிச்செல்வி இறங்கினாள். பின்னால் சார் டேப்போடு இறங்கினார். கீழே குளிர்ச்சியாக இருந்தது. இப்போது விட்டால் கேட்க முடியாது.

"சார், ஜூன்ல நான் மறுபடி தேர்ட் இயர்ல வந்து சேரலாமா?"

பாறையைப் பார்க்கக் கண்ணருகே பிடித்திருந்த லென்ஸை சார் இறக்கினார்.

"யாரு கூடம்மா சேருவ? செகண்ட் இயர்னே ஒண்ணு இல்ல. ஒங்களுக்கு அடுத்து சேந்தது ஏழு பேரு. அவங்களையும் வேற டிபார்ட்மென்டுக்கு மாத்திட்டாங்க. இவங்கதான் கடைசி பேட்ச். யாரும் சொல்லலியா?"

அவள் நிமிர்ந்தாள். குழியின் விளிம்பில் கவியாவின் முகம் இருந்தது. விலகிக்கொண்டது.

"வேற ஊர்ல கேட்டுப் பாக்கலாம்" என்றார் சார். "ஆனா மொத வருஷத்துலேர்ந்து வரணும்."

பாண்டிச்செல்வி நோட்டைத் திறந்து நெடுங்கோடு ஒன்று போட்டாள்.

"அளவு சொல்லுங்க சார்."

அவர் டேப்பைச் சுவரில் வைத்தார்.

"செம்மண். எழுபது சென்டி."

எழுதினாள்.

தெருமுனையில் கம்பெனி பஸ் இரண்டு முறை ஹார்ன் அடித்தது. "ஏட்டி, ஒன் பஸ்ஸு" என்று மேலிருந்து கவியா கத்தினாள்.

"போகட்டும்."

பஸ் போனது. சார் மேலே ஏறினார். கவியா இறங்கி டேப்பின் நுனியைப் பிடித்தாள். மஞ்சள் மணல், ஐம்பத்தைந்து. கூழாங்கல், பன்னிரண்டு.

"நீ ஜூன் ஜூன்னு சொல்லும்போது எனக்கு வாயே வரலட்டி" என்றாள் கவியா.

"டேப்ப ஆட்டாத."

இரண்டு மணிக்கு சார் எல்லோரையும் கூப்பிட்டார். அரியலூர் போகப் பொழுதாகிவிடும். "இது போதும், மீதிய விட்டுரு" என்றார். பாண்டிச்செல்வி காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவர் குனிந்து பார்த்தபடி நின்றார்.

"டேப்ப நீயே வச்சுக்கம்மா. இனி அத யாரும் கணக்குக் கேக்கப் போறதில்ல."

கவியா அவள் தலையில் கை வைத்தாள். நோட்டை அவளிடமே விட்டு ஏறினாள். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. மகாராஜா ஜன்னலிலிருந்து ஏதோ கத்தினான். குழிக்குள் அது சொல்லாக வந்து சேரவில்லை.

டேப்பின் நுனியைச் சுவரில் குத்திய ஆணியில் மாட்டித் தனியாக அளந்தாள். வெள்ளைக் களிப்பாறை, இலைகள் உண்டு, நாற்பத்தெட்டு. பழுப்பு மணற்பாறை, முப்பத்தைந்து. மீண்டும் களிப்பாறை.

குழிச்சுவரை மூடப்போகும் சிமென்ட் உறைகளோடு வண்டி வந்து நின்றது. உறை இறக்கும் கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். "மேல வா பாப்பா. ஒற எறக்கணும்."

"இன்னாமே, டூட்டிக்குப் போவல?" என்றாள் லூர்தம்மாள்.

"இன்னும் நாப்பது சென்டிமீட்டர் இருக்கு ஆன்ட்டி."

"அதுல இன்னாதான் கீது?"

"தெரியல" என்றாள் பாண்டிச்செல்வி. முழங்காலிட்டு, டேப்பை அடிச்சுவர் வரை இழுத்தாள்.