உன்னையாவது காப்பாற்றிவிட்டேன்

கண்ணாடிக் கடையில் ஊராருக்கெல்லாம் கண் பார்த்துப் பவர் சொல்கிறவளுக்கு, தன் வீட்டுக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் பிடிபடவில்லை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவன் அவளிடமும் மகளிடமும் பேசுவதை விட்டுவிட்டான். ஏதாவது கேட்டால் தலையாட்டுவான், அவ்வளவுதான். வேலை விட்டு வந்ததும் சாப்பாட்டுத் தட்டோடு முன்னறைக்குள் புகுந்துகொள்வான். ஒரு காலத்தில் வாய் ஓயாத மனுஷன். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். சட்டைப்பைகளைத் துழாவினாள், இருமல் மிட்டாய்தான் அகப்பட்டது.

கடைசியில் கொழுந்தனைப் பிடித்துக் குடைந்தாள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கம்பெனி. மென்பொருள் வெளியே போகுமுன் அதில் என்னென்ன கெடுதல் வரலாம் என்று யோசிப்பதுதான் அவர்கள் பிழைப்பு. 'இதெல்லாம் நடக்காது' என்று எதையும் ஒதுக்கக் கூடாது என்பது அங்கே பாலபாடம். சாப்பாட்டு இடைவேளையில் வேலையற்ற எவனோ ஒரு கற்பனையை அவிழ்த்துவிட்டானாம். என்றோ ஒருநாள் சர்வ வல்லமையுள்ள இயந்திர மூளை ஒன்று பிறக்கும், தன்னைப் பற்றித் தெரிந்திருந்தும் தன்னை உருவாக்க உதவாதவர்களைத் தேடிப் பிடித்து வதைக்கும், தெரியாதவர்களை விட்டுவிடும். மற்றவர்கள் சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார்கள். அவள் வீட்டுக்காரன் மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

"வாய் தவறி உங்ககிட்ட சொல்லிடுவோமோன்னு பயம், அண்ணி. அதான் பேச்சையே விட்டுட்டாரு. டாக்டர்கிட்ட போலாம்னா, அவர்கிட்டயும் சொல்லணுமே, அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணாருன்னு கேக்கறாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. வெறுப்பு என்று இத்தனை நாள் நினைத்து வெந்தது அன்பாக இருந்திருக்கிறது. சந்தேகப்பட்ட தன்னையே நொந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக முன்னறைக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுத்தக் கட்டுக்கதை என்று வாதாடினால் எடுபடாது. வாதத்தில் அவன் கெட்டிக்காரன். அதனால் அவன் வழிக்கே போய்ப் பார்த்தாள்.

"எனக்கும் தெரிஞ்சிடுச்சுங்க. இனிமே நீங்க தனியா பயப்பட வேணாம். வர்றது வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்தே பட்டுக்கலாம்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவி. அவன் முகம் வெளுத்துப்போனது. தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"உன்னையாவது காப்பாத்திட்டேன்னு நெனச்சிட்டிருந்தேனே."

அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. வெகு நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"குட்டிக்குத் தெரியாதில்ல?"

"தெரியாது."

"அப்போ இனிமே நீயும் அவகிட்ட பேசாத."

அவள் அந்தக் கதையில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. நம்பவே இல்லை. அப்போது டியூஷன் முடிந்து வந்த மகள், தோளில் புத்தகப் பையோடு வாசலில் நின்று, அப்பா ஏன் அழுதார் என்று கேட்டாள். தாய் வாயைத் திறந்தாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்ததில் பேச்சு நின்றுபோயிற்று. குட்டி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளும் எதுவும் கேட்கவில்லை.